தீயணைப்புத் துறையில் இருப்பவர் குடும்பத்தில் பெண் கொடுக்கலாமா?

கேள்வி: மும்பையில் தீயணைப்புப் படையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வரன் வந்திருக்கிறது. பையன் குடும்பமும் அங்கேயே செட்டிலான தமிழ்க் குடும்பம். எங்கள் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: என் கணவர் தீயணைப்பு வீரர் இல்லை, ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். என் மாமனார்தான் தீயணைப்பு வீரர். 1973-இல் மும்பை தீயணைப்புப் படையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, 2008-இல் லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவர். 1997-இல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் வந்து இறங்கியது பைகுல்லா தீயணைப்பு ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில்தான். மாமா போன வருடம் காலமாகிவிட்டார். உங்கள் கேள்வியைப் படித்ததும், அவர் எப்படி வாழ்ந்தார் என்று சொன்னாலே போதும் என்று தோன்றியது.

முதலில் பயத்தைப் பற்றி. குவார்ட்டர்ஸில் இருந்தால் பெல் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் அடிக்கும், சாப்பாட்டில் கை வைத்த நேரத்திலும் அடிக்கும். அடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். புதிதில் எனக்கு வயிற்றைப் பிசையும். அத்தை மட்டும் நிதானமாக இருப்பார். எப்போது வருவீர்கள் என்று அவர் மாமாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. வண்டி திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் படுப்பார். அந்தக் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான். மராட்டிக்காரர்கள்தான் அதிகம். ஒரு வீட்டில் ஆள் திரும்ப நேரமானால் பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்துவிடும், கூடவே அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தத் துணை வெளியே வாடகை வீட்டில் கிடைக்காது.

திரும்பி வந்தால் மாமா நேராகக் குளியலறைக்குப் போவார். குளிக்காமல் பிள்ளைகளைத் தொடமாட்டார். புகை நாற்றம் பிடித்த துணியைத் தனி வாளியில் அவரே ஊறவைப்பார். அதை யாரும் துவைக்க விடமாட்டார். என்ன நடந்தது என்று சொல்லவும் மாட்டார். மோசமான நாள் என்றால் அடுக்களையில் வந்து உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பார். நானும் அத்தையும் பேசாமல் ஒவ்வொரு காயாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொரியல் இருக்கும்.

பண்டிகை நாட்களை மறந்துவிடுங்கள். மும்பையில் தீபாவளி என்றால் படைக்கு அதுதான் உச்ச வேலை. பட்டாசுப் பொறி குடிசைக் கூரையிலும் மாடியில் காயும் துணியிலும் விழும், அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரம் இரண்டு நாள் கழித்துத்தான் சாப்பிடுவோம்.

சித்திரை விசுவும் அப்படித்தான். ஏப்ரல் 14 நமக்கு வருடப் பிறப்பு, இந்தியத் தீயணைப்புப் படைகளுக்கு அது அஞ்சலி நாள். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சு மூட்டைகளும், ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. தீயணைக்கப் போனவர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். மாமா ஒவ்வொரு வருடமும் காலையில் சீருடை போட்டு அந்த அஞ்சலிக்குப் போய்விட்டு வந்துதான் கனி பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாங்கள் குடிமாறிப் போன கல்யாண் என்ற ஊரிலிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்துப் போனார். நாங்களும் அவர் திரும்பி வரும்வரை இலை போடமாட்டோம்.

அவருக்குச் சொந்த ஊர் திசையன்விளை. சின்ன வயதில் தாராவியில் மாமா முறைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். சம்பளம் வர ஆரம்பித்ததும் இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தார், தம்பியைக் கூட்டி வந்து படிக்கவைத்தார். ஊருக்கு மணியார்டர் போகாத மாதம் கிடையாது என்று அத்தை சொல்வார். அதெல்லாம் நம் ஊரில் நிறைய அண்ணன்மார் செய்ததுதான். எனக்கு அவர் யார் என்று காட்டியது வேறு ஒன்று.

எங்கள் கல்யாணம் பேசும்போது அப்பா நகைக் கணக்கை எடுத்தார். மாமா நடுவிலேயே நிறுத்தி, "பிள்ளைக்கு நீங்க ஆசைப்பட்டுப் போடுறது உங்க இஷ்டம். எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். நல்ல மனுசர் என்று எங்கள் வீட்டில் சந்தோசப்பட்டோம். காரணம் எனக்குத் தெரிய வந்தது என் மகள் பிறந்த பிறகு. அத்தைதான் சொன்னார்.

எண்பதுகளில் 'ஸ்டவ் வெடித்துவிட்டது' என்று அழைப்பு வருமாம். அப்போது பாதி வீடுகளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், உண்மையிலேயே வெடித்ததும் உண்டு. ஆனால் சில வீடுகளில் இவர்கள் போய்ச் சேரும்போது தீ அணைந்திருக்கும். புருசன் வீட்டு ஆட்கள் வராந்தாவில் நிற்பார்கள். அடுக்களையில் ஸ்டவ் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக நிற்கும். பக்கத்தில் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். மாமா பார்த்ததைப் பார்த்தபடி போலீசிடம் சொல்லிவிட்டு வருவார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-இல் புருசன் வீட்டார் செய்யும் கொடுமைக்கென்று 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணைச் சாவுக்கென்று 304பி பிரிவும் வந்தது இந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகுதான். சட்டம் வந்தும் அழைப்புகள் நின்றுவிடவில்லை.

அதனால்தான் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வரப்போற பிள்ளைகிட்ட இந்த வீட்டுல யாரும் குரல் உசத்தக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் எனக்கும் என் கணவருக்கும் சண்டை முற்றி, அவர் கத்திவிட்டார். மாமா பக்கத்து அறையிலிருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என் கணவர் அடங்கிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் என்னிடம், "ஏம்மா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். என்னை பி.காம். முடிக்க வைத்ததும் அவர்தான். வேலைக்குப் போன புதிதில் தாதரில் ட்ரெயின் மாறக் கற்றுக்கொடுக்க லீவு போட்டுக் கூடவே வந்தார்.

வீட்டுக்குள் அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ராத்திரி சிலிண்டர் ரெகுலேட்டரை மூடாமல் யாரும் படுக்கக்கூடாது. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டை எடுத்து மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது அந்தக் கணமே ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும். அதனால் ஜன்னலோடு கதவையும் திறந்துவைக்க வேண்டும், வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அடிக்க வேண்டும். புகை சூழ்ந்தால் தவழ்ந்து போக வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகைதான். என் பிள்ளைகள் இதெல்லாம் அ, ஆ படிக்கும்போதே சேர்த்துப் படித்தவர்கள்.

கல்யாணில் ஃபிளாட் பார்க்கப் போனபோது புரோக்கர் ஹாலைக் காட்டிக்கொண்டிருக்க, மாமா கீழே நின்று தெருவின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வண்டி உள்ளே வந்து திரும்ப முடியாத சந்து என்று இரண்டு நல்ல வீடுகளை வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் வாங்கியது இரண்டாவது மாடி. மும்பைப் பக்கம் எல்லா ஜன்னலுக்கும் கூண்டு மாதிரி கிரில் போடுவார்கள், திருடனுக்குப் பயந்து. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியவர்களை மாமா பார்த்திருக்கிறார். குடிவந்த வாரமே வெல்டரைக் கூட்டி வந்து கிரிலில் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு வெட்டி, சாவியைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் மாட்டினார். படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டும் பழைய சைக்கிளும் வைத்த அக்கம்பக்கத்தாரிடம் வருடக்கணக்கில் பேசிப் பேசியே எடுக்க வைத்தார். சிலருக்கு அவர்மேல் கோபம். அதை அவர் பொருட்படுத்தவில்லை, எனக்கும் அது சரியென்றே படுகிறது.

2005 ஜூலை 26 மழையில், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அப்போது இரண்டு நாள் அவரை நாங்கள் பார்க்கவில்லை. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது 2008 நவம்பர். அவர் ஓய்வு பெற்று சில மாதம்தான் ஆகியிருந்தது. தாஜ் ஹோட்டல் எரிவதை டிவியில் காட்டினார்கள். அவர் படையின் ஆட்கள் ஏணி வைத்து, ஜன்னல் வழியாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா உட்காரவே இல்லை. "அந்த ஜன்னலுக்கு, அந்த ஜன்னலுக்குக் கொண்டு போ" என்று மராட்டியில் டிவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். 2015 மே மாதம் கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் கட்டடம் எரிந்து இடிந்ததில் படையின் நான்கு உயரதிகாரிகள் உயிரிழந்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தவர்கள். அப்போதுதான் அவர் சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது.

கடைசி இரண்டு வருடம் மூச்சுத் திணறல் அதிகம். அத்தை முந்திப் போய்விட்டார். மாமாவும் அதன்பின் ரொம்ப நாள் இல்லை. காரியத்துக்குப் பைகுல்லாவிலிருந்து பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். என் மகளைப் பார்த்து, இவள்தானே எங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றவள் என்று அடையாளம் சொன்னார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது. பையனிடம் நேராகக் கேளுங்கள்: குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, ஷிஃப்ட் எப்படி, காப்பீடு என்ன, மூச்சுக் கருவியோடு உள்ளே போகும் பயிற்சி எடுத்திருக்கிறாரா. அவர் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் இருந்தால் ஒருநாள் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் பாருங்கள். முக்கியமாக, நகைப் பேச்சு வரும்போது அந்த வீட்டு ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அது சரியாக இருந்தால், வேலையைக் காரணம் காட்டி இந்த வரனைத் தட்டாதீர்கள். என் மகளுக்கு அப்படி ஒரு வரன் வந்தால் நான் தயங்கமாட்டேன்.