அறுபதாயிரம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள்

அண்ணே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டீஸ் என் மேசையில்தான் இருக்கிறது. பி.எஸ்சி. படித்த உங்கள் மகளுக்காக ஒரு பயிற்சி சென்டரில் வாங்கியது: மூன்றே மாதம், 16 நவீன ஆய்வகக் கருவிகளை ஓட்டப் பயிற்சி, 60,000 ரூபாய். "கட்டிரலாமா சார், இல்ல பேசாம பி.எட்.ல சேர்த்துவிட்ருவமா?" என்று கேட்டீர்கள். உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் நானும் மழுப்பிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் 216 மணி நேரம் கிடைக்கும். 16 கருவிக்குப் பிரித்தால் ஒன்றுக்குப் பதின்மூன்றரை மணி. ஒரு பேட்ச்சில் 30 பிள்ளைகள் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். தலைக்கு 27 நிமிடம்! அதிலும் பாதி நேரம் பாடமாகப் போய்விடும். மிச்சத்தில் உங்கள் மகள் கருவியைத் தொட்டுப் பார்ப்பாளே தவிர, ஓட்டிப் பழக மாட்டாள். வேலைக்கு எடுக்கும் லேப் இன்சார்ஜ் இதை இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

மதுரையில் இதற்கெல்லாம் ஏது வேலை, சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ அனுப்பணுமே என்றும் பயந்தீர்கள். மருந்துக் கம்பெனி என்றால் அது சரிதான். ஆனால் நம்மைச் சுற்றிப் பாருங்கள். கோச்சடை ஃபென்னர் கம்பெனியில் மெஷின்களுக்கான ரப்பர் வி-பெல்ட் செய்கிறார்கள். ஹைடெக் அராய் கம்பெனியில் ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். கப்பலூரில் சின்னதும் பெரியதுமாகப் பட்டறைகள். போடி ஏலக்காய் வெளிநாடு போக வேண்டுமானால் பூச்சிமருந்து எச்சம் பார்த்தாக வேண்டும். ராஜபாளையம் மில்லில் நூல் சீராக இருக்கிறதா என்று உஸ்டர் மெஷினில் பார்க்காமல் கோன் வெளியே போகாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி என்று சொன்ன பிறகு, பட்டாசு மருந்தில் பேரியம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி சிவகாசியிலேயே சோதனைக்கூடம் வைத்தது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று 2023-லிருந்து பேச்சு. அதை நம்பி இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். வரும்போது சாயச் சோதனையும் கூடவே வரும்.

ஒரே ஒரு கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ரப்பர் கம்பெனியில் ரியோமீட்டர் என்று ஒன்று இருக்கும். ரப்பர், கரித்தூள், கந்தகம் எல்லாம் போட்டு மிக்ஸிங் ஆனதும், பேட்ச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சூடான இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து மூடுவார்கள். கீழ் அச்சு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு, அரை டிகிரிதான், இப்படியும் அப்படியும் அசையும். ரப்பர் இறுக இறுக அந்த அசைவுக்குத் தடை கூடும். சில நிமிடத்தில் திரையில் ஒரு கோடு கீழே இறங்கி, கொஞ்சம் படுத்து, பிறகு மேலே ஏறி நிற்கும். ஏற ஆரம்பிக்கும் நேரம் ஸ்கார்ச். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெந்துவிட்ட நேரம் டி-90. ஸ்கார்ச் சீக்கிரம் வந்துவிட்டால், ரப்பர் பொருள் வார்க்கும் அச்சுக்குப் போவதற்கு முன்பே இறுகி வீணாகும். அப்போது அந்த பேட்ச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியவள் லேப்பில் இருக்கும் பெண். ஷிப்ட் சூப்பர்வைசர் வந்து, "பாத்துக்கலாம்மா, பாஸ் போடு" என்பார். போடக் கூடாது. திரையில் வரும் அந்தக் கோட்டைப் பார்த்துக் கந்தகம் கூடியதா, மிக்ஸரில் சூடு ஏறியதா என்று யோசிக்கத் தெரிந்தால் அவளை விடவே மாட்டார்கள்.

இது உங்களுக்குப் புதிதில்லை அண்ணே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிச் சாக்கைத் திறந்ததும் மொட்டைப் பார்த்தே எந்நேரம் பறித்த பூ, எத்தனை மணிக்கு விரியும் என்று சொல்லிவிடுகிறீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மல்லியை ஹெக்சேனில் ஊறவைத்து வாசனை மெழுகு எடுக்கும்போது, கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி அந்த மணத்தைப் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்று தனித்தனி முகடாகப் பிரித்துக் காட்டும். ஹெக்சேன் மிச்சம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். உங்கள் பூவைத் தின்றுதான் அந்த மெஷினும் பிழைக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரைசலில் கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் உயிர், 25 செ.மீ. நீளமுள்ள ஓர் எஃகுக் குழல். உள்ளே ஐந்து மைக்ரான் பொடி இறுக்கி அடைத்திருக்கும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் அவசரம். பாஸ்பேட் உப்புக் கரைசல் உள்ளே இருக்கும்போதே பம்பை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன். முதலில் தண்ணீர், அப்புறம் மெத்தனால் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். திங்கட்கிழமை பம்பைப் போட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்த் தானாக நின்றது. உப்பு உள்ளேயே படிந்து அடைத்துக்கொண்டது. குழலின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். சீனியர் திட்டவில்லை. "லாக் புக்ல நீயே எழுது" என்றார். எழுதினேன். அன்று கற்றதை எந்த நோட்டீஸும் கற்றுத்தராது.

அதனால் அந்த சென்டருக்கு நேரில் போங்கள். ஏசி அறையையும் கண்ணாடிக் கதவையும் விடுங்கள். "கருவியோட லாக் புக்கக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். வேலை செய்யும் கருவிக்குத் தேதி வாரியாக, யார் ஓட்டினார்கள் என்ற கையெழுத்தோடு ஒரு நோட்டு இருக்கும். மேலே கேலிப்ரேஷன் ஸ்டிக்கர், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்த அடையாளம், ஒட்டியிருக்கும். அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற தேதி அதில் இருக்கும். நோட்டும் இல்லை, ஸ்டிக்கரும் போன வருஷத்தோடு நின்றுவிட்டது என்றால், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் கட்டாமலே கற்கும் வழி அப்ரண்டிஸ். 1961-லிருந்து இருக்கும் சட்டம், பி.எஸ்சி. படித்தவர்களும் ஒரு வருஷம் உதவித்தொகை வாங்கிக்கொண்டே பழகலாம். மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற அப்ரண்டிஸ் இணையதளத்தில் மகளே பதிந்துகொள்ளலாம். தொகை சின்னதுதான். வீட்டிலிருந்து போய்வந்தால் கட்டுப்படியாகும். சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை: லேப்பில் ஷிப்ட் உண்டா, ராத்திரி ஷிப்டுக்கு கம்பெனி வண்டி வருமா, அமிலம் கையாளும் இடத்தில் புகை இழுக்கும் அறை ஓடுகிறதா. இதைக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கேட்கிற பிள்ளையைத்தான் லேப்பில் மதிப்பார்கள்.

உங்கள் தம்பி மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் என்றீர்கள். இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர் வேலையை அவனிடம் சொல்லிவையுங்கள். அலைச்சல் அதிகம், பையன்கள் பலருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

பி.எட். விஷயம்: அது இரண்டு வருஷம். அவளுக்கு டீச்சர் ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள். பயத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. அன்றைக்கு முழுக்க நீங்களும் நானும்தான் பேசினோம். நடுவில் நான் சும்மா உங்கள் மகளிடம், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தில் நிறுத்தும் சோதனையைப் பற்றி, "டைட்ரேஷன்ல எண்ட் பாயிண்ட் தாண்டிட்டா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன். "கீழ ஊத்திட்டு முதல்லருந்து பண்ணணும் சார். முந்தின ரீடிங்க அடிச்சிட்டு எழுதணும், அழிக்கக் கூடாது" என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பதில் மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள். அவளுடைய கல்லூரி ரெக்கார்ட் நோட்டு மூன்று வருஷத்ததும் வேண்டும், அழகாக எழுதிய ஃபேர் காப்பி அல்ல, லேப்பில் வைத்துக் கிறுக்கிய ரஃப் நோட்டு.