டியூக்கும் கரோலினாவும்: ஒரு கூடைப்பந்துப் பகையைப் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான போட்டி குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உள்ளூர் வழக்கப்படி வட கரோலினாப் பல்கலைக்கழக அணியை வெறும் ‘கரோலினா’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): ஐயா, எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டு கல்லூரிகள் விளையாடுவதை நாடே உட்கார்ந்து பார்க்கிறது என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

பதில்: முதலில் ஊர்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் வட கரோலினா மாநிலத்தில்: டர்ஹாமில் டியூக், சாப்பல் ஹில்லில் கரோலினா. நடுவில் சுமார் 16 கிலோமீட்டர்தான். கரோலினா அரசுப் பல்கலைக்கழகம்; 1795-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். டியூக் தனியார் நிறுவனம். டிரினிட்டி கல்லூரி என்ற பெயரில் இருந்ததை, புகையிலையிலும் மின்சாரத்திலும் பணம் சேர்த்த ஜேம்ஸ் டியூக் 1924-இல் பெருங்கொடை கொடுத்துப் பல்கலைக்கழகமாக்கினார். அங்கே வெளிமாநிலத்தவரே அதிகம். ‘மண்ணின் மைந்தர்கள்’, ‘வந்தேறிப் பணக்காரர்கள்’ என்ற ஏச்சுப்பேச்சுக்கு வேண்டிய அத்தனையும் இதிலேயே இருக்கிறது. நிறத்தில்கூட ஒருவர் இளநீலம், இன்னொருவர் கருநீலம்.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. அடுத்தடுத்த ஊர்க் கல்லூரிகள் உலகெங்கும் சண்டை போடுகின்றன, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவர்களைப் பார்க்கக் காரணம், இருவருமே நாட்டின் முதல் வரிசை அணிகள் என்பதும், ஒருவர் வெற்றி இன்னொருவருக்கு நேரடி நட்டம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது என்பதும்தான்.

கேள்வி (கோவை, உடற்கல்வி ஆசிரியர்): முதல் ஆட்டம் 1920-இல் நடந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் நூறாண்டுப் பகை என்று சொல்லலாம்தானே?

பதில்: ஆட்டம் நூறாண்டு, பகை அவ்வளவு இல்லை. 1920 ஜனவரி 24-ஆம் தேதி கரோலினா 36–25 என்று வென்றது உண்மை. அப்போது டியூக் என்ற பெயரே கிடையாது. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த மாநிலத்தில் கூடைப்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்தபின் குளிர்காலத்தைக் கழிக்க ஒரு வழி, அவ்வளவே.

இதை மாற்றியவர் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களையும் சேராத ஒரு மனிதர் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. எவரெட் கேஸ் என்ற பயிற்சியாளர் 1946-இல் பக்கத்து ஊரான ராலேயின் என்.சி. ஸ்டேட் கல்லூரிக்கு வந்தார். இண்டியானா மாநிலத்துக்காரர், அங்கே கூடைப்பந்து ஏறக்குறைய மதம். வேகமான ஆட்டம், பெரிய அரங்கம், வென்றபின் வலையை அறுத்தெடுக்கும் சடங்கு என எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்தார். கரோலினாவையும் டியூக்கையும் தொடர்ந்து தோற்கடித்தார். பொறுக்க முடியாமல் கரோலினா 1952-இல் நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க் மெக்குவைரை அழைத்துவந்தது. அவர் தன் ஊர்ப் பையன்களை வரிசையாகத் தெற்கே கொண்டுவந்தார். 1957-இல் அந்த அணி 32 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், வில்ட் சேம்பர்லேன் ஆடிய கான்சாஸை மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 54–53 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. அந்த இறுதியாட்டம் மாநிலம் முழுக்கத் தொலைக்காட்சியில் வந்தது. வீடுதோறும் கூடைப்பந்துப் பித்து பிடித்தது அப்போதுதான். 1959-இல் டியூக் யாரை வேலைக்கு எடுத்தது தெரியுமா? கேஸின் உதவியாளர் விக் பியூபஸை. ஆக, இந்தப் பகையின் இரு பக்கங்களையும் தட்டி எழுப்பியது மூன்றாவது வீடு.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. இவ்விரு அணிகளும் 1953-இல் தொடங்கிய அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பைச் சேர்ந்தவை; தங்களுக்குள் ஆண்டுதோறும் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் குழு அது. 1975 வரை தேசியப் போட்டிக்கு ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே அணிதான் போக முடியும். இந்தக் கூட்டமைப்பிலோ, பருவ இறுதியில் நடக்கும் தொடரை வெல்பவருக்குத்தான் அந்த இடம். ஆண்டு முழுக்க நன்றாக ஆடிவிட்டு ஒரு மாலை சறுக்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வாசல் ஒன்று, நுழையத் துடிப்பவர்கள் பலர் என்றால் அண்டை வீட்டுக்காரன் எதிரியாகாமல் என்ன செய்வான்?

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): அண்ணா, 1961-இல் பெரிய அடிதடி நடந்ததாமே?

பதில்: நடந்தது தம்பி, பிப்ரவரி 4-ஆம் தேதி, டியூக்கின் அரங்கில். அதற்கு முன்கதை உண்டு. நியூயார்க் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஆர்ட் ஹேமன், கரோலினாவில் சேர்வதாக ஒப்புக்கொண்டு, பிறகு மனம் மாறி டியூக்கில் சேர்ந்தவர். கரோலினாவின் லாரி பிரவுனும் அதே லாங் ஐலண்டுப் பையன்தான். ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில் கூடையை நோக்கி ஓடிய பிரவுனை ஹேமன் தடுக்க, பிரவுன் கையை ஓங்க, இரு அணிகளும் பார்வையாளர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். போலீஸ் வந்து விலக்கவேண்டியிருந்தது. டியூக் 81–77 என்று வென்றது. 36 புள்ளிகள் ஹேமனுடையவை. அவரும் பிரவுனும், கரோலினாவின் டானி வால்ஷும் அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்த கூட்டமைப்பு ஆட்டங்களுக்குத் தடை பெற்றார்கள்.

பகைக்குப் பிறந்த நாள் குறிக்கச் சொன்னால் நான் 1920-ஐ விட்டு இந்த நாளைத்தான் குறிப்பேன். வேடிக்கை என்னவென்றால், வட கரோலினாவின் மானப் பிரச்சினையாகிப்போன இந்தச் சண்டையைத் தொடங்கிய இருவருமே நியூயார்க்காரர்கள். அடித்துக்கொண்டவர்கள் வீணாகவும் போகவில்லை. ஹேமன் 1963-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனார். பிரவுன் பின்னாளில் பயிற்சியாளராகி, கல்லூரிப் பட்டம், தொழில்முறை அணிகள் ஆடும் என்.பி.ஏ.வின் பட்டம் இரண்டையும் வென்ற ஒரே பயிற்சியாளர் என்ற பெயரைப் பெற்றார்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): டீன் ஸ்மித், மைக் ஷிஷெவ்ஸ்கி இருவரில் யார் பெரியவர்?

பதில்: இப்படி மாட்டிவிடுகிறீர்களே. கணக்கை மட்டும் பார்த்தால் எல்லோரும் ‘கோச் கே’ என்று அழைக்கும் ஷிஷெவ்ஸ்கிதான். 1980 முதல் 2022 வரை டியூக்கில் இருந்து ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றார். ஸ்மித் 1961 முதல் 1997 வரை கரோலினாவில் 879 வெற்றிகள், இரண்டு பட்டங்கள்.

ஆனாலும் என் மனம் ஸ்மித் பக்கம்தான் சாய்கிறது. தென் மாநிலங்களில் நிறவெறி கோலோச்சிய 1960-களில் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின வீரரைக் கரோலினாவுக்கு அழைத்துவந்து, முதன்முறையாக ஒரு கறுப்பின வீரருக்கு அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடைக்கச் செய்தவர் அவர். அதுவும் தன் நாற்காலி உறுதிப்பட்ட நிலையில் அல்ல. 1965-இல் ஒரு தோல்விக்குப் பிறகு சொந்த மாணவர்களே அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள்.

கோச் கேயின் தொடக்கமும் இதே கதைதான். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983-இல் வர்ஜீனியாவிடம் 109–66 என்று நொறுங்கியபோது அவரைத் துரத்தச் சொல்லிப் பழைய மாணவர்கள் கொதித்தார்கள். டியூக் நிர்வாகம் அசையவில்லை. மறு ஆண்டே அவர், நடுவர்கள் ஸ்மித்துக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். அந்த நாள் முதல் இது இரண்டு மனிதர்களின் போட்டியாகவும் ஆனது. 1991, 1992 தேசியப் பட்டங்கள் டியூக்குக்கு, 1993 கரோலினாவுக்கு. மூன்று ஆண்டுகள் கோப்பை அந்த 16 கிலோமீட்டரைத் தாண்டி வெளியே போகவில்லை.

2015 பிப்ரவரியில் ஸ்மித் மறைந்தார். சில நாட்களில் டியூக் அரங்கில் ஆட்டம். தொடங்குமுன் இரு அணி வீரர்களும் பயிற்சியாளர்களும் தோளோடு தோள் கோத்து நடுக்களத்தில் மண்டியிட்டார்கள். பிறகு எழுந்து கூடுதல் நேரம் வரை மோதி, டியூக் 92–90 என்று வென்றது.

கேள்வி (திருச்சி வாசகர்): ஒரு ஆட்டத்தில் இடைவேளையின்போது 7–0 என்று இருந்ததாகச் சொல்கிறார்கள். கட்டுக்கதையா?

பதில்: உண்மை. 1979 பிப்ரவரி 24. அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் இத்தனை நொடிக்குள் எறியவேண்டும் என்ற விதி கிடையாது. டியூக்கின் தற்காப்பு வியூகத்துக்குள் நுழைய விரும்பாத ஸ்மித், பந்தைக் கையிலேயே வைத்துச் சுற்றச் சொல்லிவிட்டார். அரிதாக எறிந்த பந்தும் வளையத்தைத் தொடவில்லை. அதைக் கேலி செய்து டியூக் மாணவர்கள் ‘ஏர் பால்’ என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். இன்று அமெரிக்கா முழுக்கக் கேட்கும் அந்தக் கூச்சல் அங்கே பிறந்ததாகத்தான் சொல்வார்கள். இரண்டாம் பாதியில் இரு அணிகளும் ஆளுக்கு 40 எடுத்தன. ஆகவே முடிவு 47–40. நேரக் கட்டுப்பாடு 1985-இல்தான் வந்தது, முதலில் 45 நொடி, இப்போது 30.

கேள்வி (கேரி நகரில் வசிக்கும் ஒரு தாய்): என் மகள் டியூக்கில் முதலாண்டு. ஆட்டம் பார்க்கக் கடுங்குளிரில் கூடாரத்தில் பல வாரம் படுக்கப்போகிறேன் என்கிறாள். இது என்ன கூத்து?

பதில்: கூத்துதான் அம்மா, ஆனால் ஒழுங்குள்ள கூத்து. டியூக்கின் கேமரன் அரங்கம் 1940-இல் கட்டியது. 9,314 பேருக்குத்தான் இடம். கரோலினாவுடன் ஆடும் நாளில் உள்ளே போக மாணவர்கள் வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு வரிசை காக்கிறார்கள். 1986-இல் தொடங்கிய வழக்கம். கோச் கேயின் பெயரையே அந்தக் கூடார ஊருக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை உண்டு. முறை வைத்து மாறிக்கொள்வதால் மகள் தினமும் அங்கே கிடக்கவேண்டியதில்லை. வகுப்புக்கும் போகலாம். நல்ல உறக்கப்பையும் கம்பளிக் காலுறையும் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): மைக்கேல் ஜோர்டான் கரோலினாக்காரர்தானே? டியூக்கைப் பந்தாடியிருப்பாரே!

பதில்: முதலாண்டு மாணவராக 1982 இறுதியாட்டத்தில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராக அவர் எறிந்த பந்துதான் ஸ்மித்துக்கு முதல் பட்டம் வாங்கித் தந்தது. 1984 மார்ச்சில், சொந்த அரங்கில் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் டியூக்கை இரண்டு கூடுதல் நேரங்களில் வென்றார்கள். ஒரே வாரம் கழித்து, கூட்டமைப்புத் தொடரின் அரையிறுதியில் டியூக் 77–75 என்று பழிதீர்த்தது. கோச் கே யார் என்று ஊர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): 2022 ஆட்டத்தை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பதில்: ஒன்றல்ல, இரண்டு ஆட்டங்கள். அந்தப் பருவத்தோடு ஓய்வு என்று கோச் கே அறிவித்திருந்தார். மார்ச் 5, கேமரன் அரங்கில் அவருடைய கடைசி ஆட்டம். பழைய வீரர்கள் நூறு பேர் அளவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கரோலினா 94–81 என்று வென்று விழாவைக் கெடுத்தது. ஒலிவாங்கியைப் பிடித்து ரசிகர்களிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டிய நிலை அந்த மனிதருக்கு.

நான்கே வாரங்களில், ஏப்ரல் 2-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதி. இத்தனை காலத்தில் தேசியப் போட்டியில் இவர்கள் மோதியதே இல்லை. 1991-இல் இருவரும் கடைசி நான்கில் இருந்தும் கரோலினா கான்சாஸிடம் தோற்றதால் வாய்ப்பு நழுவியது. இப்போது தேசியப் போட்டியில் தன் பிரிவின் தரவரிசையில் எட்டாம் இடத்தில் தொடங்கிய கரோலினா, முதலாண்டுப் பயிற்சியாளர் ஹியூபர்ட் டேவிஸின் கீழ், 81–77 என்று வென்றது. சுமார் 25 நொடி இருக்கையில் கேலப் லவ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கோச் கேயின் பணிவாழ்வை முடித்துவைத்தது. இறுதியாட்டத்தில் கரோலினா கான்சாஸிடம் தோற்றது. ஆனால் சாப்பல் ஹில்லில் பலருக்கு அது பெரிய துக்கமாகவே படவில்லை.

கேள்வி (அதே வாசகர்): 2019-இல் ஒரு வீரரின் காலணி கிழிந்ததே?

பதில்: டியூக்கின் சையன் வில்லியம்சன். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒபாமா பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சுளுக்கு. கரோலினா 88–72.

கேள்வி (ஈரோடு வாசகர்): மொத்தத்தில் முன்னிலை யாருக்கு?

பதில்: நேருக்கு நேர் ஆட்டங்களில் கரோலினா இருபதுக்கும் மேற்பட்ட வெற்றிகள் முன்னால். தேசியப் பட்டம் கரோலினாவுக்கு ஆறு, டியூக்குக்கு ஐந்து.

கேள்வி (பெங்களூரு வாசகர்): பழைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: பலர் 1995-ஐச் சொல்வார்கள். முதல் கூடுதல் நேரம் முடியும் நொடியில் டியூக்கின் ஜெஃப் கேப்பல் ஏறக்குறைய நடுக்களத்திலிருந்து எறிந்து சமன் செய்த ஆட்டம்; கடைசியில் கரோலினா 102–100. நான் சொல்வது 1974 மார்ச் 2. சாப்பல் ஹில்லில் 17 நொடி மிச்சம், டியூக் 86–78 என்று எட்டுப் புள்ளி முன்னால். மூன்று புள்ளிக் கோடு அன்றைக்குக் கிடையாது என்பதை மறக்காமல் பாருங்கள். கரோலினாவின் பாபி ஜோன்ஸ் இரண்டு தடையில்லா எறிகளைப் போடுகிறார். டியூக் பந்தை உள்ளே கொண்டுவரத் தடுமாறுகிறது, கரோலினா பறித்துக் கூடையில் போடுகிறது. மறுபடி பறிக்கிறது, மறுபடி போடுகிறது. இரண்டு புள்ளி வித்தியாசம். டியூக் ஒரு தடையில்லா எறியைத் தவறவிட, மூன்று நொடியில் முதலாண்டு மாணவர் வால்டர் டேவிஸ் தொலைவிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுகிறது. கூடுதல் நேரத்தில் கரோலினா 96–92. தோல்வி உறுதி என்று பாதியிலேயே எழுந்து போய்விட்ட ரசிகர்களைக் கேலி செய்ய அந்த ஊரில் இன்றுவரை இந்த ஆட்டத்தைத்தான் இழுப்பார்கள்.