சமையல் குறிப்பு ஆப் எதை எடுக்கலாம்? திருகோணமலைக் குசினிகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சமையல் குறிப்புகளைப் போனில் சேர்த்துவைக்க எந்த ஆப் நல்லது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வீட்டில் தினமும் சமைக்கிற ஆள் நான், இவற்றை மாற்றி மாற்றிப் பாவித்தும் வருகிறேன்.

உப்புவெளி: சுத்திவளைக்காமல் சொல்லுங்கோ தம்பி, எதைப் போடுறது? சாதாரண ஆண்ட்ராய்ட் போன்தான், மாதாமாதம் காசு கட்டவும் ஏலாது.

காசே வேண்டாமென்றால் ரெசிப்பிசேஜ், அக்கா. இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), போனிலும் கணினியிலும் ஒரே கணக்கில் திறக்கலாம். ஒருமுறை மட்டும் காசு கட்டலாம் என்றால் பப்ரிக்கா. ஆண்ட்ராய்டில் அதை 50 குறிப்புகள் வரை இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம், ஆனால் காசு கட்டும்வரை இன்னொரு கருவிக்குக் குறிப்புகள் தானாகப் போகாது. இன்னொன்று, ஆண்ட்ராய்டுக்கு வாங்கினது ஐபோனுக்கோ கணினிக்கோ செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்கவேண்டும்.

எதை எடுத்தாலும் சரி, முதலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உள்ளே போட்டதை மொத்தமாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா? வீட்டுச் சாதனங்கள் செய்கிற வேர்ல்பூல் நிறுவனம் 2017இல் வாங்கிய யம்லி எவ்வளவு பெரிய ஆப், 2024 டிசம்பரில் அதையே மூடிவிட்டார்கள். பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிறது என்பதெல்லாம் காப்பு இல்லை. அதனால் முதல் நாளே மூன்று நாலு குறிப்பைப் போட்டு, ஏற்றுமதி என்று இருப்பதை அழுத்தி, வருகிற கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியவேண்டும், கட்டங்கட்டமாக வரக்கூடாது. அந்த வழியே இல்லாத ஆப் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் போட மாட்டேன்.

கிண்ணியா: லிங்க் கொடுத்தால் சில இங்கிலீஷ் தளங்களின் குறிப்பு அப்படியே ஒழுங்காக உள்ளே வருகிறது. தமிழ்த் தளங்களும் யூடியூப்பும் வருவதில்லை. ஆப் பிழையா?

ஆப் பிழை இல்லை. தேவையான பொருள் எது, செய்முறை எது, எத்தனை பேருக்கு என்பதை, நம் கண்ணுக்குத் தெரியாதபடி பக்கத்துக்குள்ளேயே ஒரு பொது வடிவத்தில் எழுதிவைப்பது வழக்கம். கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் தந்த வடிவம் அது. ஆப் பெரும்பாலும் அதைத்தான் வாசிக்கிறது. தமிழ்த் தளங்கள் பலவற்றில் அது இருக்காது, வெறும் பந்தியாக எழுதியிருப்பார்கள். வீடியோவில் வாயால் சொல்வதை இந்த வழியில் எடுக்கவே முடியாது. வீடியோவின் கீழே பொருட்களை எழுதியிருந்தால் அதைப் பிரதி எடுத்து ஒட்டுங்கள், மிச்சத்தை நீங்களே எழுதத்தான் வேண்டும்.

சாம்பல்தீவு: அம்மம்மாவின் சமையல் கொப்பி இருக்கு, மை மங்கிக்கொண்டு போகுது. படம் எடுத்தால் தானாக எழுத்தாகுமா?

அச்செழுத்து என்றால் ஓரளவுக்கு வரும். பழைய தமிழ்க் கையெழுத்தில் பிழை கூடவாக வரும், திருத்துகிற நேரத்தில் புதிதாகவே எழுதிவிடலாம். நான் சொல்வது இதுதான் தங்கச்சி: முதலில் பக்கம் பக்கமாகப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அது இன்றைக்கே செய்யவேண்டிய வேலை. அப்புறம் கொப்பியைப் பார்த்து வாயால் வாசியுங்கள். ஜிபோர்ட் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்றே தனியாக இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்தாக்கிய குறிப்போடு அந்தப் பக்கத்தின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். ஓரத்தில் அம்மம்மா கிறுக்கிவைத்ததுகூட ஒருநாள் தேவைப்படும்.

எழுதும்போது தேங்காய்ப்பாலை ஒரே வரியில் போட்டுவிடாதீர்கள். முதற்பால் ஒரு வரி, இரண்டாம் பால் ஒரு வரி. சொதி வைக்கிற பிள்ளைக்கு, மீன் வேகும் மட்டும் இரண்டாம் பால்தான், முதற்பால் விட்ட பிறகு கொதிக்கவிடக் கூடாது என்பது அந்த இரண்டு வரியிலேயே பாதி விளங்கிவிடும்.

பாலையூற்று: 4 பேருக்கு எழுதினதைத் திவசத்துக்கு 30 பேருக்குப் பெருக்கச் சொன்னால் ஆப் சில வரிகளை அப்படியே விட்டுவிடுகிறது, ஏன்?

அந்த வரிகளில் "அரைச் சுண்டு", "ஒரு கைப்பிடி" என்று எழுத்தில் இருக்கும். ஆப் எண்ணைத்தான் பெருக்கும், அதுவும் பெரும்பாலும் வரியின் தொடக்கத்தில் இருக்கிற எண்ணை. "பருப்பு அரைச் சுண்டு" என்பதை "1/2 சுண்டு பருப்பு" என்று மாற்றுங்கள், வேலை செய்யும்.

அடுத்தது சுண்டே. ஒரு வீட்டில் ரின்பால் பேணிதான் சுண்டு, இன்னொரு வீட்டில் கடையில் வாங்கிய அளவு. உங்கள் பேணியில் தண்ணீர் நிரப்பி எத்தனை மில்லிலீற்றர் என்று ஒருமுறை அளந்து ஆப்பிலேயே ஒரு குறிப்பாகப் போட்டுவையுங்கள். வெளிநாட்டுக் குறிப்பிலும் இதே சிக்கல்தான்: அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250. மேசைக்கரண்டி அமெரிக்காவில் 15, அவுஸ்திரேலியாவில் 20. கறிக்குப் பரவாயில்லை, கேக்குக்கு இது பெரிய வித்தியாசம்.

பெருக்கி வந்த கணக்கையும் அப்படியே நம்பிச் சமைக்காதீர்கள். 4 பேரிலிருந்து 30 பேர் என்றால் ஏழரை மடங்கு. காய்க்கும் பருப்புக்கும் அது சரி, தண்ணீருக்குச் சரிவராது, ஏனென்றால் பெரிய கிடாரத்தில் கொள்ளளவு கூடுகிற அளவுக்கு மேற்பரப்பு கூடுவதில்லை, அதனால் வற்றுவது குறைவு. தாளிக்கிற எண்ணெயையும் குறையுங்கள். உப்பும் புளியும் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மிச்சத்தைப் போடுங்கள்.

கம்பஸ் மாணவர்: சொந்தமாக ஹோஸ்ட் பண்ணலாமா அண்ணா?

தாராளமாக. அதாவது ஆப்பை வேறொருவர் சேவரில் இல்லாமல் உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓடவிடுவது. அதற்கு மீலி அல்லது தந்தூர் என்ற சமையல் குறிப்பு மென்பொருளை எடுங்கள், இரண்டையும் டாக்கரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓடவைக்கும் கருவி) ஏற்றலாம். குடும்பத்துக்கு மட்டும் என்றால் மீலி இலகு. கரண்ட் போனால் வீட்டுச் சேவரும் நின்றுவிடும் தம்பி, அதற்கு வழி செய்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

திருக்கடலூர்: மகள் கனடாவில். இரண்டு பேரும் ஒரே குறிப்பைப் பார்க்கவேணும், எனக்கு இந்த ஆப் ஒன்றும் பழக்கமில்லை.

அம்மா, உங்களுக்குக் கூகுளின் குறிப்பெழுதும் ஆப்பான கூகுள் கீப் போதும். குறிப்பை எழுதி மகளின் மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டால் இரண்டு பேரும் பார்க்கலாம், திருத்தலாம். அளவைப் பெருக்கித் தராது, ஆனால் வேண்டியபோது எல்லாவற்றையும் உங்கள் கணக்கிலிருந்து கூகுள் டேக்அவுட் (கூகுளில் போட்டதை மொத்தமாக இறக்கித்தரும் சேவை) வழியாக வெளியே எடுத்துவிடலாம். ஒரே குறிப்பில் இரண்டு பேரும் எழுதினால் உங்கள் அளவு மறைந்துபோகும். மகள் அங்கத்தைய மீனுக்கு ஏற்றபடி மாற்றுவதைக் கீழே தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நிலாவெளி: "தேங்காய்" என்று தேடினால் இருக்கிற குறிப்பே வருவதில்லையே?

குறிப்பில் "தேங்காயை", "தேங்காயில்" என்று இருக்கும். நமக்கு ஒரே சொல், ஆனால் புள்ளி வைத்த "ய்" அங்கே இல்லாததால் ஆப்புக்கு அது வேறு. "தேங்கா" என்று மட்டும் அடித்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் அந்த ஆப் முழுச் சொல்லைத்தான் தேடுகிறது, அப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் நண்டு, கணவாய், மரக்கறி, விரதம் என்று லேபல் போட்டுவையுங்கள். பத்துப் பன்னிரண்டு லேபலுக்கு மேல் வேண்டாம், கூடினால் எதை எதில் போட்டோம் என்று அதையே தேடவேண்டிவரும்.