புரதப் பரிசோதனைகள்: கேள்வி பதில்

கேள்வி: சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் புரதம் இல்லை என்றே வந்தது. பிறகும் மருத்துவர் மயலோமாவை (எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஓர் இரத்தப் புற்றுநோய்) சந்தேகிப்பது ஏன்?

பதில்: அவர் சந்தேகிப்பது முறையே. அந்தப் பட்டை பெரும்பாலும் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தை மட்டுமே காட்டும். மயலோமாவில் பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளையணுக்கள்) சுரக்கும் இலகு சங்கிலிப் புரதம் (எதிர்ப்பொருளின் சிறு பகுதி) அதில் தப்பிவிடும். கொதிக்க வைத்தால் கரைந்து, ஆறினால் மீண்டும் திரளும் இப்புரதத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1847-லேயே விவரித்தார். இரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காட்டும் சீரம் எலெக்ட்ரோஃபோரெசிஸ் வரைபடத்தில், நலமாக இருப்பவரின் காமா பகுதி (எதிர்ப்பொருட்கள் சேரும் இடம்) தாழ்ந்து அகன்ற மேடாகத் தெரியும். ஒரே செல்வழியில் பெருகிய புரதம் முழுவதும் ஒரே இடத்தில் போய் நிற்பதால், மயலோமாவில் அங்கே குறுகிய கூர்முனை எழும். இலகு சங்கிலியை மட்டும் சுரக்கும் வகையில் அந்த முனையும் தென்படாமல் போகலாம் என்பதால், இரத்தத்தில் தனி இலகு சங்கிலிகளையும் அளந்தே ஆகவேண்டும்.

கேள்வி: இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் புரதம் சற்றே கூடியிருக்கிறது. மாரடைப்பா?

பதில்: ஒரே அளவை வைத்துச் சொல்ல இயலாது. சில மணி இடைவெளியில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே முக்கியம். சிறுநீரக நோயிலும் அது கூடியிருக்கும். நெஞ்சுவலி இப்போது இருந்தால் பதிலுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முடி வளர பயாட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தவறாமல் சொல்லுங்கள். சில சோதனை முறைகளில் அது ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சூலகப் புற்றுநோயை அறிய, ஆண்டுதோறும் சி.ஏ.125 என்ற புரதத்தை இரத்தத்தில் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்வரித் திசு வெளியே வளரும் நோய்) ஆகியவற்றிலும் அது உயரும்.

மறுப்பு: முன்கூட்டியே தெரிந்தால் உயிர் பிழைக்குமே! ஏன் தடுக்கிறீர்கள்?

பதில்: நியாயமான எதிர்பார்ப்புதான், ஆனால் அது சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் 2021-ஆம் ஆண்டு முடிவில், சி.ஏ.125 வழியாகச் சிலருக்குப் புற்றுநோய் முன்னதாகத் தெரிந்தும், சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பொய் எச்சரிக்கையை நம்பி நலமான சூலகத்தை அகற்றும் அறுவைக்கு ஆளானவர்களையும் கணக்கில் சேருங்கள். நோய் உறுதியானபின் சிகிச்சைக்கு அது பணிகிறதா என்று தொடர்ந்து பார்க்க இதே புரதம் பெரிதும் உதவும்.

கேள்வி: அப்படியானால் சி.இ.ஏ. (பெருங்குடல் போன்ற சில புற்றுநோய்களில் உயரும் இரத்தப் புரதம்) பார்க்கலாமா?

பதில்: நோயில்லாதவருக்கு அதுவும் வேண்டாம். மேலே சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஹெர்2 (புற்றுசெல்களின் மேற்பரப்பில் உள்ள வளர்ச்சிப் புரதம்) அளவு 2+ என்றுள்ளது. இதன் பொருள் என்ன?

பதில்: 2+ என்பது முடிவல்ல, ஐயநிலை. ஃபிஷ் சோதனையில் (ஹெர்2 மரபணுவின் பிரதிகளை எண்ணும் சோதனை) மரபணுப் பெருக்கம் உறுதியானால், ஹெர்2-ஐக் குறிவைக்கும், 1998 முதல் வழக்கிலுள்ள ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்கு வழி திறக்கும். அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.