சாம்பார்மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் எங்கள் இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்து அனுப்பினான். சென்னையில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, சிகாகோ போனோம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அவர்கள் கொடுத்த சாம்பாரில் உப்பும் இல்லை, மணமும் இல்லை. சோறு விறைத்துக் கிடந்தது. சுத்த சைவமான என் மனைவிக்கு ‘ஹிந்து மீல்’ என்று பதிவு செய்திருந்தும் கோழி வந்தது. அதை எடுத்துவிட்டுப் பழமும் ரொட்டியும் வைத்தார்கள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நன்றாகச் சத்தம் போட்டேன். சிம்மக்கல் மெஸ் சாப்பாடு இதற்கு எவ்வளவோ மேல். உபசாரம் என்றால் என்னவென்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?
(வாசகர், திருநகர், மதுரை)

பதில்: சாம்பார் வழக்கை முதலில் தள்ளுபடி செய்துவிடுகிறேன். விமானத்துக்குள் அடுப்பு எரிவதில்லை. நீங்கள் சாப்பிட்டது, தரையில் ஒரு கேட்டரிங் கூடத்தில் பல மணி நேரம் முன்பே சமைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, வண்டியில் ஏற்றி, மேலே போனபின் சூடான காற்று அடிக்கிற ‘ஓவன்’ பெட்டியில் வைத்துச் சுடவைத்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் உங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். உங்கள் வகுப்பில் அதைப் பீங்கான் தட்டுக்கு மாற்றி, மேஜையில் துணி விரித்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். குளிரில் வைத்த சோறு விறைப்பது அரிசியின் குணம். திரும்பச் சுடவைத்தாலும் வடித்த நேரத்துப் பதம் முழுசாக வராது. தோசை, வடை, பரோட்டா போல, கல்லிலிருந்து நேரே இலைக்கு வரவேண்டிய எதுவும் இந்த வழியில் தேறாது.

நாக்கும் ஒரு காரணம். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. ஆக, வழி நெடுக நீங்கள் கொடைக்கானல் உயரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், அங்கே இருக்கிற ஈரக்காற்று மட்டும் இல்லாமல். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்துவிட்டால் பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்டு என்ன பயன்? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்ஸா விமான நிறுவனத்துக்காக இதைச் சோதித்தது. ஏர்பஸ் விமானத்தின் உடற்பகுதி ஒன்றை அழுத்தம் குறைக்கும் அறைக்குள் வைத்து, ஆட்களை உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் மங்கின. புளிப்பும் காரமும் கிட்டத்தட்ட அப்படியே நின்றன. தரையில் தக்காளிச் சாற்றை மக்கல் வாடை என்று ஒதுக்கியவர்களுக்கு அந்த அறைக்குள் அது பழச்சுவையாக இருந்தது.

இப்படிப் பார்த்தால், நம் மதுரைச் சமையலில் மேலே போய்த் தேறக்கூடியவை புளிக்குழம்பும் எண்ணெய்க் கத்தரிக்காயும்தான். மிளகு தூக்கலாகப் போட்ட சுக்காவும் தேறும். ஊற ஊற ருசி கூடுகிற பண்டங்களைத்தான் அந்தச் சமையல்கூடங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். தாளித்த மணத்தை நம்பி நிற்கிற சாம்பார் முதலில் தோற்கும். டீயும் அப்படித்தான்: அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, நம் டீக்கடைச் சாயம் இறங்காது.

கோழி விஷயம் அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. அதில் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம், எனக்கும் அதே கோபம் வருகிறது. விமான நிறுவனங்களின் பட்டியலில் ‘ஹிந்து மீல்’ என்பது அசைவம். எச்.என்.எம்.எல். என்று குறிப்பார்கள், மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ ஆடோ மீனோ இருக்கும். நம் ஊர்ச் சைவத்துக்குக் கிட்டத்தில் வருவது ஏ.வி.எம்.எல்., அதாவது ஏசியன் வெஜிடேரியன். வி.ஜி.எம்.எல். என்றால் பால், தயிர்கூட இருக்காது. இதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். டிக்கெட் போடும் இடத்திலேயே பளிச்சென்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. பிசினஸ் கிளாஸில் மெனு அட்டை கொடுக்கிறார்கள். பக்கத்தில் வந்து, பெயர் சொல்லி அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்த இருக்கைக்கு எந்தத் தனிச் சாப்பாடு என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில், “அம்மா, உங்களுக்குப் பதிவாகியிருப்பது அசைவம், சம்மதமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மெனுவில் இருந்த சைவ வகையையாவது எடுத்து வைத்திருக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிடாவெட்டு விருந்துக்குப் போய்ப் பாருங்கள். சைவக்காரர் யார் என்று விசாரித்து, அவர்களுக்குத் தனி இலை போட்டபிறகுதான் கறிச் சட்டியைத் திறப்பார்கள். அங்கே யாரும் லட்சம் கட்டி உட்காரவில்லை. நீங்கள் கொடுத்த பணம், கால் நீட்டிப் படுக்கிற இருக்கைக்கும், இப்படிக் கேட்டுக் கவனிப்பதற்கும்தான். கேட்காமல் விட்டது கடமை தவறியதுதான். பழத்தட்டு அதற்கு ஈடாகாது.

நேரமும் அப்படித்தான். வளைகுடா விமானங்கள் பல, சென்னையில் விடிவதற்கு முன்னால் கிளம்புகின்றன. அந்த வேளையில் விளக்கைப் போட்டு, சூப்பிலிருந்து இனிப்பு வரை வரிசையாக வைத்தால் யார் வயிறு தாங்கும்? பயணி பசிக்கும்போது கேட்டுச் சாப்பிடும் முறையைச் சில நிறுவனங்கள் நடத்திக் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ‘புக் த குக்’ என்று, ஒருநாள் முன்னதாகவே சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடலாம். மற்றவர்களாலும் முடியும்.

ஆனால் நீங்கள் அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சமைக்கவில்லை, ‘ஹிந்து மீல்’ என்று பெயர் வைத்ததும் அவர் இல்லை. ஐம்பது இருக்கைக்கு ஒரு விமானப் பணியாளர் என்று குறைந்தபட்ச எண்ணிக்கையை விதி நிர்ணயிப்பது பரிமாறுவதற்காக அல்ல. தீப்பிடித்தால் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியேற்றுவதற்காக. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் விமானத்தைக் காலி செய்ய முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்தப் பயிற்சி பெற்ற ஒருவர், ராத்திரி முழுக்கக் கண் விழித்து உங்களுக்குத் தட்டு எடுத்து வந்திருக்கிறார். சிம்மக்கல் மெஸ்ஸில் இலை எடுக்கிற பையனிடம் அப்படிப் பேசியிருப்பீர்களா? பேசியிருந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து வந்திருப்பார். விமானத்தில் அந்தப் பெண்ணுக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள் என்பதால்தான் நான் பேசுகிறேன்.

நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். டிக்கெட் எண், தேதி, மனைவியின் இருக்கை எண் எல்லாம் குறித்து, கோழி வந்ததையும் யாரும் கேட்காததையும் மட்டும் எழுதுங்கள். சாம்பாரைச் சேர்த்தால் முழுக் கடிதத்தையும் ருசிப் புகார் என்று ஒதுக்கிவிடுவார்கள். திரும்பி வரும் டிக்கெட்டில் ஏ.வி.எம்.எல். என்று இப்போதே மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை மாற்றித் தருகின்றன. விமானம் மாறும்போது இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று மகனை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்ததும் உங்கள் பகுதிப் பணிப்பெண்ணிடம் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், எப்போது சாப்பாடு வேண்டும், எப்போது எழுப்பக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.