ஏ.ஏ. குழுவில் சேர யாருக்கும் பணம் தர வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். இப்போது காலையிலேயே தொடங்கிவிடுகிறார். அண்மையில் அவராகவே, ‘குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்’ என்றார். அந்தக் கூட்டத்தை நடத்தும் ஏ.ஏ. குழுவில் சேர்த்துவிட நான்காயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மூன்று நாள் குடிக்காமல் இருந்துவிட்டுத்தான் வர வேண்டுமாம். பணத்தைக் கொடுக்கலாமா? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா? – வாசகி, திண்டுக்கல்

மனநல மருத்துவர் பதில்:

கொடுக்காதீர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை இதற்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். புதிதாக வருபவர் போடாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

அலுவலகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். முழுப் பெயர், முகவரி, வேலை எதையும் சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் கூட்டம் தேவாலய வளாகத்தில் நடக்கும். குறைந்த வாடகைக்கு அங்கே அறை கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ‘கடவுள்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே அவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று நாள் நிபந்தனை. உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அதுதான். தினமும், அதுவும் காலையிலிருந்தே குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பும்: இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், படுக்கை விரிப்பைப் பிய்ப்பார்கள், வீட்டில் இருப்பவர்களையே அடையாளம் தெரியாது. இதில் உயிரே போகலாம். குடும்பத்தினர் இதைப் பேய் என்றோ நடிப்பு என்றோ நினைத்து நேரத்தைக் கடத்துகிறார்கள். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் ஆபத்து. தயமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எனவே காலையில் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு குடித்தால் நிற்கிறது என்றால் முதலில் மருத்துவமனை. முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலும் அப்படித்தான். அங்கே சில நாள் மாத்திரை, ஊசியோடு பாதுகாப்பாக நிறுத்தச் செய்வார்கள். கூட்டம் அதன் பிறகு. அதற்கு முன்பே போக ஆசைப்பட்டால் போகட்டும்; குடித்துவிட்டு வந்தாலும் பொதுவாக உட்காரவிடுவார்கள், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். கூட்டத்துக்காக வீட்டிலேயே பட்டென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

கூட்டம் நடக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான 14416 இரண்டும் கட்டணமில்லா எண்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அறையும் நேரமும் மாறியிருக்கலாம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை வருவது அரிது.

இவ்வளவு தேட வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 2003இலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். கடை எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று குடிக்காதவருக்கும் தெரியும். வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கம் அந்த ஊர்க் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

அந்த இடைவெளியில்தான் உங்களுக்குத் தெரிந்தவரைப் போன்ற தரகர்கள் நுழைகிறார்கள். நான்காயிரத்தோடு இது நிற்காது. அடுத்து ‘மறுவாழ்வு மையம்’ என்பார்கள். இரவில் வேனில் ஆட்கள் வந்து தூக்கிப்போவார்கள். மாதக்கணக்கில் பார்க்க விடமாட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சை தரும் மனநல மருத்துவர் யார் என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கும் பொடியையும் வாங்க வேண்டாம். சிலவற்றில் டைசல்பிராம் என்ற குடி நிறுத்த மருந்து இருக்கலாம். அது உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று ஆளையே சாய்த்துவிடும். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளி அறிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

நீங்களும் உடன் போகலாமா என்றால், அது கூட்டத்தின் வகையைப் பொறுத்தது. திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தினரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். தொலைபேசியில் பேசும்போதே எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951இலிருந்து இயங்குகிறது. அதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் பக்கம் எங்கே நடக்கிறது என்று ஏ.ஏ. உறுப்பினர்களிடமே விசாரியுங்கள். உங்கள் கணவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினாலும் நீங்கள் மட்டும் போய்வரத் தடையில்லை.