கை வைத்தால் முழங்கால் வலி குறையுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு வருஷமாக முழங்கால் வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்றார். கொஞ்ச நாளாக இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, கை வைத்து ‘சக்தி’ செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கிக்குப் போய் வலி பாதியாகிவிட்டது என்கிறார். விசாரித்தால், “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று சொல்லி 10 அமர்வுக்கு முன்பணம் கேட்கிறார்கள். போகலாமா?

பதில்: ஆசைப்பட்டால் ஒருமுறை போய்ப் பாருங்கள், முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்.

அவர்கள் சொல்லும் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. ரெய்கிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ‘தெரபூடிக் டச்’ என்ற முறை அமெரிக்க நர்சுகளிடையே பரவியது. உடம்புக்குச் சில அங்குலம் மேலே கையை நகர்த்தி ‘சக்தி’யைச் சரிசெய்வதாகச் சொல்வார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 1998-ல் வந்தது. வலி குறைந்தது, நடமாட்டமும் தேறியது என்றுதான் முடிவு. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே 25 பேர்தான், அவர்களையும் மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது.

இப்படிப்பட்ட 24 ஆய்வுகளை, மொத்தம் 1,153 பேரை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 2008-ல் சேர்த்துப் பார்த்தது. பத்துக்கு இத்தனை என்று வலியை அளந்தால், சராசரியாக 0.83 குறைந்திருந்தது. ஏழு என்றவர் ஆறு என்பார், அவ்வளவுதான். நாள்பட்ட வலியில் இரண்டு புள்ளியாவது இறங்கினால்தான் நோயாளிக்கே ‘தேவலை’ என்று தோன்றும்.

சரி, அந்தக் கொஞ்சம் குறைவதும் ‘சக்தி’யாலா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு: ரெய்கி தெரியாத ஒருவரை, தெரிந்தவர்போல நடிக்கச் சொல்வது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் சியாட்டிலில் அப்படிச் செய்தார்கள். எட்டு வாரம், வாரம் இரண்டு முறை. ரெய்கி மாஸ்டர் கொடுத்ததற்கும் நடிகர் கொடுத்ததற்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

இன்னொரு சோதனையைச் செய்தது எமிலி ரோசா என்ற சிறுமி. அப்போது அவளுக்கு 9 வயது, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தாள். மேஜை மேல் ஓர் அட்டைத் தடுப்பு. முன்னே சொன்ன ‘தெரபூடிக் டச்’ செய்பவர் இரண்டு கையையும் அதன் அடி ஓட்டை வழியாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்திருப்பார். எமிலி காசைச் சுண்டிவிட்டு, விழுவதைப் பொறுத்து இடக்கைக்கோ வலக்கைக்கோ மேலே தன் கையைப் பிடிப்பாள். என் ‘சக்தி’ எந்தப் பக்கம் தெரிகிறது, சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பாதியாவது வந்திருக்கும்!

அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்கிறாரா? இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எங்காவது ஓடுகிறோம். தேய்மான வலி ஏறி இறங்கும் வகை, அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் இறங்கும். போதாததற்கு, அரை மணி நேரம் அமைதியாகப் படுக்கவைத்து, குறுக்கே பேசாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். எங்கள் ஓ.பி.யில் அது கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கை முழங்கால் வலியை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு எங்கள் துறையிலேயே சாட்சி இருக்கிறது. ஹூஸ்டனில் 180 பேரில் சிலருக்கு மூட்டுக்குள் கருவி விட்டுச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். 2002-ல் முடிவு வந்தபோது, இரண்டு வருஷம் கழிந்தும் இரு தரப்புக்கும் வலி ஒரே மாதிரிதான் இருந்தது.

ஆகவே, மனசுக்கு இதமாக இருக்கிறது என்று போனால் நான் தடுக்க மாட்டேன். “மாத்திரையை நிறுத்துங்கள்” என்று யாராவது சொன்னால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் பலம் இழந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலும் அப்படித்தான்.

அந்த முன்பணத்தை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுங்கள். தேய்மான வலிக்கு உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் உறுதியான சான்று உள்ளவை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால், சுவரை ஒட்டி ஆடாத நாற்காலி ஒன்றைப் போட்டு, கை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காருங்கள், பத்து தடவை. முடியவில்லையா, ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை முடிந்தது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தக் காலண்டரைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.